மாடு தொட்டியில் தண்ணீர் குடிக்கவில்லையா? மோட்டார் லைனைப் பாருங்கள்!

இந்தப் பதினைந்து நாளில் வந்த கடிதங்களைப் பிரித்து அடுக்கியபோது ஒரு விஷயம் கண்ணில் பட்டது. வழக்கம்போலப் புழு, பூச்சி, உரம் பற்றிய கேள்விகள் நிறைய இருந்தன. ஆனால் ஆறு கேள்விகள் வயலைப் பற்றியவை அல்ல, வீட்டையும் மோட்டார் அறையையும் பற்றியவை. அதில் ஒன்று மாட்டைப் பற்றிய கேள்வி போல வந்தது. அதுவும் கடைசியில் மின்சாரத்தில்தான் போய் நின்றது. ஆகவே இந்த இதழில் பயிருக்கு விடுமுறை.

முதலிலேயே சொல்லிவிடுகிறேன். நான் படித்தது வேளாண்மை, மின்சாரம் என் பாடமில்லை. இத்தனை வருஷம் மோட்டார் கொட்டகை நிழலில் உட்கார்ந்து உங்களோடு பேசிப் பேசித் தெரிந்துகொண்டதுதான் அதிகம். இந்தப் பதில்களை வேளாண்மைப் பொறியியல் துறையில் இருக்கும் நண்பர் ஒருவரிடம் படித்துக் காட்டி, அவர் திருத்திய பிறகே அனுப்புகிறேன். ஸ்குரூ டிரைவரை எடுத்துக்கொண்டு நீங்களே இறங்க வேண்டும் என்பதற்காக இதை எழுதவில்லை. வயர்மேனை எப்போது கூப்பிட வேண்டும், அவரிடம் என்ன சொல்ல வேண்டும் என்பது தெரிந்தால் போதும்.

கேள்வி: எங்கள் ஜெர்சி கலப்பு மாடு பத்து நாளாகத் தொட்டியில் தண்ணீர் குடிக்க மறுக்கிறது. தொட்டி வரை போகிறது, மூக்கை வைக்கிறது, உடனே தலையை உதறிக்கொண்டு பின்னால் வந்துவிடுகிறது. அதே தண்ணீரைப் பிளாஸ்டிக் வாளியில் மொண்டு வைத்தால் குடிக்கிறது. காய்ச்சல் இல்லை. தீவனம் எடுக்கிறது. வாயில் புண் இல்லை என்று கால்நடை மருத்துவர் பார்த்துச் சொல்லிவிட்டார். தொட்டியைக் கழுவிச் சுண்ணாம்பும் அடித்துவிட்டோம். பால் 9 லிட்டரிலிருந்து 6 லிட்டருக்கு வந்துவிட்டது. என்ன மருந்து கொடுக்கலாம்?
— ஒரு சகோதரி, தாராபுரம் வட்டம்

இந்தக் கடிதத்துக்கு இதழ் வரும்வரை காத்திருக்கவில்லை. கீழே எழுதியிருந்த எண்ணுக்கு உடனே போன் போட்டேன். காரணம், 'அதே தண்ணீரை வாளியில் வைத்தால் குடிக்கிறது' என்ற ஒரு வரி. அப்படியானால் தண்ணீரில் குறையில்லை, மாட்டிலும் குறையில்லை. குறை தொட்டியில் இருக்கிறது.

"தொட்டிக்குத் தண்ணி எப்படி வருதுங்க அம்மிணி?"

"போர்ல இருந்து இரும்புப் பைப்புலீங்க சார். கட்டுத்தறிச் செவுத்துலதான் மோட்டார் பொட்டி இருக்குது."

"மோட்டார் ஓடாதப்போ மாடு தொட்டியில குடிக்குதுங்களா?"

கொஞ்ச நேரம் சத்தமில்லை. "கரண்டு இல்லாத அன்னிக்கு ஒரு நாள் நல்லாக் குடிச்சுதுங்க. சரியாப் போச்சுன்னு நெனச்சோம்."

"வீட்டுல ஆர்.சி.டி. இருக்குதுங்களா?"

"இருந்துச்சுங்க. மழை பேஞ்சா விழுந்துட்டே இருந்துச்சு. வயர்மேன் வந்து அதைக் கழட்டிட்டு டைரக்டாக் குடுத்துட்டாருங்க. அப்புறம் ஒரு தொந்தரவும் இல்லைங்க."

"எத்தனை நாள் ஆச்சு?"

"பதினஞ்சு நாள் இருக்குமுங்க."

மெயினை அணைக்கச் சொன்னேன். தொட்டி, பைப், மோட்டார் பெட்டி எதையும் யாரும் தொட வேண்டாம், குழந்தைகளை அந்தப் பக்கம் விட வேண்டாம், வேறொரு வயர்மேனைக் கூப்பிடுங்கள் என்று சொல்லிவிட்டு வைத்தேன். மறுநாள் அவர்களே கூப்பிட்டார்கள். போர் வாயில் கேசிங் பைப்பின் விளிம்பில் உரசி உரசி, மோட்டார் கேபிளின் மேல்தோல் கிழிந்து செம்பு தெரிந்திருக்கிறது. அது இரும்புப் பைப்பில் பட்டுக்கொண்டிருந்தது. மோட்டார் பெட்டியிலிருந்து போக வேண்டிய எர்த் கம்பி துருப்பிடித்து அறுந்து எத்தனை காலமோ ஆகிவிட்டது. பைப் பாதித் தூரம் ஈர மண்ணுக்குள் போவதால் மின்சாரத்தில் பெரும்பகுதி மண்ணிலேயே இறங்கிவிட்டது, மிச்சம்தான் தொட்டிக்கு வந்திருக்கிறது. மண் காய்ந்த கோடையாக இருந்திருந்தால் நிலைமை வேறு.

மனிதர்களுக்குத் தெரியாதது மாட்டுக்கு எப்படித் தெரிந்தது என்று அந்தச் சகோதரி கேட்டார். மாட்டின் உடம்பு வழியே மின்சாரம் நம்மைவிட எளிதாகப் பாயும். அதன் குளம்பு நனைந்த தரையில் இருக்கிறது, ஈரமான மூக்கு தண்ணீரில் இருக்கிறது, செருப்பு கிடையாது. மூன்று நான்கு வோல்ட் இருந்தாலே மாடு அதை உணர்ந்து ஒதுங்கும். செருப்புக் காலோடு குழாயைத் திறக்கும் நமக்கு அந்த அளவு தெரியவே தெரியாது. முன்னங்காலுக்கும் பின்னங்காலுக்கும் இடைவெளி அதிகம் என்பதால், மின்சாரம் இறங்கிய தரையில் நடந்தாலே மாட்டுக்கு ஆபத்து. அறுந்து விழுந்த லைன் பக்கத்தில் மனிதன் தப்பி மாடு மட்டும் விழுவது இதனால்தான்.

ஆகவே மாடு தொட்டியைக் கண்டு பின்வாங்கினாலோ, தண்ணீரை உறிஞ்சாமல் நாக்கால் நக்கி நக்கிக் குடித்தாலோ, பால் கறக்கும் இடத்தில் மட்டும் காலை மாற்றி மாற்றி வைத்தாலோ, வாயையும் மடியையும் பார்க்கும் அதே நாளில் அருகிலுள்ள வயரையும் பாருங்கள். மோட்டாரை நிறுத்தியதும் மாடு சரியாகிவிட்டால் பெரும்பாலும் விடை கிடைத்துவிட்டது என்று பொருள்.

இப்போது அந்த ஆர்.சி.டி. விஷயத்துக்கு வருகிறேன். இதைத்தான் கொஞ்சம் விரிவாகச் சொல்ல வேண்டும்.

வீட்டில் இருக்கும் ஃப்யூஸ், எம்.சி.பி. இரண்டும் வயரைக் காப்பாற்றுவதற்கானவை. 16 ஆம்பியர் எம்.சி.பி. என்றால் அந்த அளவுக்கு மேல் மின்சாரம் ஓடினால்தான் அது விழும். மனித உடம்பில் ஓர் ஆம்பியரில் பத்தில் ஒரு பங்கு பாய்ந்தாலே இதயம் நின்றுபோகலாம். அந்தச் சின்ன அளவு எம்.சி.பி.க்குக் கண்ணிலேயே படாது. ஆள் விழுந்து கிடப்பார், ஃபேன் சுற்றிக்கொண்டிருக்கும்.

ஆர்.சி.டி. வேலை செய்யும் விதம் வேறு. ஃபேஸில் போன மின்சாரம் முழுவதும் நியூட்ரலில் திரும்பி வருகிறதா என்று அது கணக்குப் பார்த்துக்கொண்டே இருக்கும். வீட்டுக்குப் போடுவது 30 மில்லி ஆம்பியர் ஆர்.சி.டி. ஓர் ஆம்பியர் என்பது 1,000 மில்லி ஆம்பியர். அதில் வெறும் 30 வேறு எங்கோ இறங்குகிறது என்று தெரிந்தாலே, கண் இமைக்கும் நேரத்துக்குள் லைனை வெட்டிவிடும். அந்த 'வேறு எங்கோ' என்பது ஈரச் சுவராக இருக்கலாம், மோட்டார் பைப்பாக இருக்கலாம், உங்கள் பிள்ளையாகவும் இருக்கலாம்.

மழை பெய்தால் ஆர்.சி.டி. விழுகிறது என்றால், மழையில் நனைந்த ஏதோ ஓர் இடத்தில் மின்சாரம் கசிகிறது என்று அது சொல்கிறது. அந்த வீட்டில் அது சொன்னது உண்மை. கிழியத் தொடங்கிய கேபிளைத்தான் அது சொல்லியிருக்கிறது. வயர்மேன் அதைக் கழற்றியதும் தொந்தரவு தீர்ந்தது போலத் தெரிந்தது. கசிவு அப்படியே இருந்தது, சொல்வதற்குத்தான் ஆள் இல்லை. அதன் பிறகு மாடு சொல்ல ஆரம்பித்தது.

அந்த வயர்மேனை மட்டும் குறை சொல்லிப் பயனில்லை. 'எப்படியாவது விழாமல் பண்ணிக் கொடு' என்றுதான் நாமும் அவரிடம் கேட்கிறோம்.

என் வீட்டுக் கதையையும் சொல்லிவிடுகிறேன். சில வருஷங்களுக்கு முன் ஃபிரிட்ஜ் கதவைத் தொட்டால் சுருக்கென்கிறது என்று என் மனைவி சொன்னார். நான் என்ன செய்தேன்? ஒரு ரப்பர் மேட் வாங்கிக் கீழே போட்டேன். மூன்று வாரம் அப்படியே ஓடியது. ஒருநாள் பிளக் பாயின்ட்டைக் கழற்றிப் பார்த்தால், மேலே இருக்கும் பெரிய துவாரத்துக்கு, அதாவது எர்த்துக்கு, வயரே வரவில்லை. வீடு கட்டிய நாளிலிருந்து அப்படித்தான் இருந்திருக்கிறது. ஊருக்கெல்லாம் யோசனை சொல்கிற ஆள் வீட்டின் லட்சணம் இது. கிரைண்டரைத் தொட்டால் ஷாக் அடிக்கிறது என்று செருப்புப் போட்டுக்கொண்டு மாவு ஆட்டும் வீடுகள் இன்றும் எத்தனையோ இருக்கின்றன. அந்தச் செருப்பு மின்சாரத்தை நிறுத்தவில்லை, உங்களுக்குத் தெரியாமல் மறைத்து வைத்திருக்கிறது. ஒருநாள் தரை நனைந்திருக்கும், கை நனைந்திருக்கும், செருப்பு இருக்காது.

நான் வேலைக்குச் சேர்ந்த புதிதில் என் வட்டாரத்தில் ஒரு வீட்டில் துணி காயப்போடும் கொடிக்கம்பியில் அப்படித்தான் நடந்தது. வீட்டுக்கு வரும் சர்வீஸ் வயரின் தோல் கிழிந்து கம்பியில் உரசிக்கொண்டிருந்தது. இரண்டு நாளாகவே 'கம்பி சுர்ருங்குது' என்று அந்த வீட்டு அம்மா சொல்லிக்கொண்டிருந்தாராம். மூன்றாம் நாள் மழைத் தூறல். அவரை இழுக்கப் போன மகனும் போய்விட்டான். முந்தின வாரம்தான் அந்த வீட்டுத் திண்ணையில் உட்கார்ந்து மோர் குடித்திருந்தேன். கொடி கட்ட இரும்புக் கம்பி வேண்டாம், நைலான் கயிறு கட்டுங்கள் என்று எந்த ஊர்க் கூட்டத்திலும் நான் சொல்வது அன்றிலிருந்துதான்.

ஆர்.சி.டி. அடிக்கடி விழுந்தால் என்ன செய்வது? எல்லா பிளக்குகளையும் பிடுங்கிவிடுங்கள். எல்லா எம்.சி.பி.களையும் இறக்கிவிட்டு ஆர்.சி.டி.யை மட்டும் ஏற்றுங்கள். பிறகு எம்.சி.பி.களை ஒவ்வொன்றாக ஏற்றுங்கள். எதை ஏற்றும்போது விழுகிறதோ அந்த லைனில்தான் கசிவு. எதுவும் விழவில்லை என்றால் கிரைண்டர், ஃபிரிட்ஜ், அயர்ன் பாக்ஸ் என்று ஒவ்வொன்றாகச் செருகிப் பாருங்கள், ஆள் அகப்படுவார். எல்லா எம்.சி.பி.யும் இறங்கியிருக்கும்போதே ஆர்.சி.டி. நிற்க மறுத்தால், எங்கேயோ நியூட்ரலும் எர்த்தும் ஒட்டிக்கொண்டிருக்கலாம். அது வயர்மேன் வேலை. அவரிடம், 'கசியும் இடத்தைக் கண்டுபிடித்துக் கொடுங்கள், கூலி கூட இருந்தாலும் பரவாயில்லை, ஆர்.சி.டி.யில் கை வைக்காதீர்கள்' என்று சொல்லுங்கள். அனுபவத்தில் சொல்கிறேன், முக்கால்வாசி நேரம் வாசல் லைட், மொட்டைமாடி ஸ்விட்ச், குளியலறை ஹீட்டர், போர் கேபிள் ஜாயின்ட் இந்த நான்கில் ஒன்றாகத்தான் இருக்கும்.

ஒன்றை மறக்க வேண்டாம். ஒரு கையில் ஃபேஸையும் மறு கையில் நியூட்ரலையும் பிடித்தால் ஆர்.சி.டி. காப்பாற்றாது, போன மின்சாரம் சரியாகத் திரும்பிவிட்டது என்றுதான் அது நினைக்கும். யாராவது மாட்டிக்கொண்டால் முதலில் மெயினை அணையுங்கள். முடியாவிட்டால் காய்ந்த மரக்கட்டையால் தள்ளுங்கள். கையால் இழுக்காதீர்கள். உடனே 108.

மாடு இப்போது தொட்டியிலேயே குடிக்கிறதாம். முதல் நான்கு நாள் பயந்துகொண்டு தூரத்திலேயே நின்றதாம். பால் இன்னும் பழைய அளவுக்கு வரவில்லை, மெதுவாக வரும்.

கேள்வி: 7.5 ஹெச்.பி. நீர்மூழ்கி மோட்டார். எப்போதும் 12 ஆம்பியர் எடுக்கும். இப்போது 15, 16 என்று காட்டுகிறது. பத்து நிமிஷத்தில் ரிலே தட்டிவிடுகிறது. ரிலேயைத் திருகி ஏற்றி வைத்தால் ஓடும் என்கிறார் பக்கத்துத் தோட்டக்காரர். வைக்கலாமா?
— ஒரு விவசாயி, ராசிபுரம்

வைக்காதீர்கள். ஓடத்தான் செய்யும், காயில் வேகும் வரை ஓடும். பிறகு மோட்டாரை மேலே தூக்க ஆட்கள், காயில் கட்டக் கூலி, திரும்ப இறக்கச் செலவு, அதற்கிடையில் பத்து நாள் தண்ணீர் இல்லாமல் பயிர் வாடும்.

உங்கள் கடிதத்தில் எனக்குப் பிடித்தது 'எப்போதும் 12 எடுக்கும்' என்பது. நிறையப் பேருக்குத் தங்கள் மோட்டார் நல்ல நாளில் எவ்வளவு எடுக்கும் என்றே தெரியாது. ஆம்பியர் மீட்டர் முள் அசைவதைப் பார்ப்பார்கள், அவ்வளவுதான். புது மோட்டார் இறக்கிய அன்று, அல்லது நன்றாக ஓடும் ஏதாவது ஒரு நாளில், ஆம்பியர், வோல்ட், தொட்டி நிரம்ப ஆகும் நேரம் மூன்றையும் மோட்டார் அறைச் சுவரில் பெயின்ட்டால் எழுதி வையுங்கள். அதற்குப் பிறகுதான் மீட்டர் உங்களிடம் பேச ஆரம்பிக்கும்.

ஆம்பியர் ஏறினால் மோட்டார் கஷ்டப்படுகிறது என்று பொருள். முதலில் வோல்ட் மீட்டரைப் பாருங்கள். 415 வர வேண்டிய இடத்தில் 350 வந்தால், அதே வேலையைச் செய்ய மோட்டார் அதிக ஆம்பியரை இழுக்கும். வோல்ட் சரியாக இருந்தால், டாங் டெஸ்டர் வைத்திருக்கும் மெக்கானிக்கைக் கூப்பிட்டு மூன்று வயரையும் தனித்தனியாக அளக்கச் சொல்லுங்கள். மூன்றும் ஏறக்குறைய ஒன்றாக இருக்க வேண்டும். ஒன்று குறைந்து மற்ற இரண்டும் ஏறியிருந்தால், ஸ்டார்ட்டரில் ஒரு காண்டாக்ட் கருகியிருக்கலாம், ஃப்யூஸ் கட்டை தளர்ந்திருக்கலாம், அல்லது லைனிலேயே குறையிருக்கலாம். இதெல்லாம் சின்னச் செலவு. மூன்றும் ஒரே அளவாக ஏறியிருந்தால் குறை கீழே இருக்கிறது. மணல் போயிருக்கும், பேரிங் தேய்ந்திருக்கும். தண்ணீரை ஒரு வெள்ளைத் துணியில் பிடித்துப் பாருங்கள், மணல் தெரிந்துவிடும்.

ஆம்பியர் குறைந்தாலும் சந்தோஷப்பட வேண்டாம். குறைந்த ஆம்பியர், காற்றோடு விட்டு விட்டு வரும் தண்ணீர் என்றால் போரில் மட்டம் இறங்கிவிட்டது. நீர்மூழ்கி மோட்டாருக்குச் சுற்றியிருக்கும் தண்ணீர்தான் குளிர்ச்சி. தண்ணீர் இல்லாமல் ஓடினால் கெட்டுவிடும். ஆம்பியர் குறைவு, சத்தம் சீராக இருக்கிறது, தண்ணீரே இல்லை என்றால் கப்ளிங் உடைந்திருக்கலாம் அல்லது உள்ளே பைப் விட்டுப்போயிருக்கலாம்.

இன்னொன்றையும் இதோடு சொல்லிவிடுகிறேன். டிரான்ஸ்ஃபார்மரிலோ லைனிலோ வேலை நடந்த மறுநாள் திடீரென்று தண்ணீர் பாதியாகிவிட்டதா? போரில் தண்ணீர் குறைந்துவிட்டது என்று கவலைப்படும் முன், மோட்டார் தலைகீழாகச் சுற்றுகிறதா என்று மெக்கானிக்கிடம் கேளுங்கள். ஃபேஸ் மாறிக் கட்டினால் அப்படி ஆகும். மூன்று வயரில் ஏதாவது இரண்டை மாற்றிப் போட்டால் தீர்ந்தது. இது தெரியாமல் போரை ஆழப்படுத்தக் கடன் வாங்கப் போனவரை நான் தடுத்திருக்கிறேன்.

பட்டனை அழுத்தியதும் மோட்டார் கிளம்பாமல் 'உர்ர்' என்று உறுமினால் அடுத்த நொடியே நிறுத்துங்கள். மூன்று ஃபேஸில் ஒன்று வரவில்லை. அந்த உறுமலில் வழக்கத்தைவிட ஐந்தாறு மடங்கு மின்சாரம் காயிலில் பாய்கிறது. இரண்டாவது முறை, மூன்றாவது முறை என்று அழுத்திப் பார்ப்பதுதான் காயிலைக் கொல்கிறது. சிங்கிள் ஃபேஸிங் பிரிவென்டர் போட்டிருந்தால் அது கிளம்பவே விடாது. அதையும் 'தொல்லை' என்று பிரித்துப் போட்டிருப்பவர்கள் இதைப் படித்ததும் திரும்ப மாட்டிவிடுங்கள்.

கேள்வி: சாயங்காலம் ஓர் அறையில் பல்பு கண்ணைப் பறிக்கிறது, அடுத்த அறையில் அகல் விளக்கு மாதிரி மங்குகிறது. மூன்று ஃபேஸ் இணைப்பு. மின்சாரம் குறைவாக வருகிறதா?
— மன்னார்குடி வாசகர்

குறைவாக வந்தால் எல்லாமே மங்க வேண்டும். ஒரு பக்கம் ஏறி ஒரு பக்கம் இறங்கினால் நியூட்ரல் தளர்ந்திருக்கிறது அல்லது அறுந்திருக்கிறது. அந்த நேரத்தில் சில பாயின்ட்டுகளில் 230-க்குப் பதில் 300, 350 வோல்ட் என்று ஏறி, 400-ஐ நெருங்கவும் கூடும். டி.வி., ஃபிரிட்ஜ், மோட்டார் எல்லாம் ஒரே நாளில் போவது இப்படித்தான். மெயினை உடனே அணையுங்கள். ஒற்றை ஃபேஸ் வீட்டிலும், தெருக் கம்பத்தில் நியூட்ரல் அறுந்தால் இதே கதைதான். அப்போது பக்கத்து வீட்டிலும் கேட்டுப் பாருங்கள், அங்கேயும் இருந்தால் குறை வெளியில் இருக்கிறது. மின்னகம் எண் 94987 94987-க்குச் சொல்லுங்கள். சொல்லும்போது 'கரண்டு பிரச்சினை' என்று பொதுவாகச் சொல்லாமல், 'நியூட்ரல் போன மாதிரி இருக்கிறது, ஓர் இடத்தில் வோல்டேஜ் ஏறுகிறது' என்று சொல்லுங்கள்.

கேள்வி: மின்வாரிய மீட்டரில் 'இ.எல்.' என்று எழுதிய சின்னச் சிவப்பு விளக்கு எப்போதும் எரிகிறது. யூனிட்டும் கூடுதலாக ஓடுவது போல இருக்கிறது. மீட்டர் பழுதா?
— விழுப்புரம் வாசகர்

மீட்டர் நன்றாகவே இருக்கலாம். ஃபேஸில் போனதும் நியூட்ரலில் வந்ததும் சமமாக இல்லை என்பதைத்தான் அந்த விளக்கு காட்டுகிறது. மீட்டருக்கு அடுத்துள்ள உங்கள் மெயினை அணையுங்கள். விளக்கும் அணைந்தால் குறை உங்கள் வீட்டு வயரிங்கில். மேலே ஆர்.சி.டி.க்குச் சொன்னது போல ஒவ்வொரு லைனாக ஏற்றிப் பாருங்கள்.

ஈரச் சுவர்க் கசிவு ஒரு காரணம். நம் ஊரில் இன்னொரு காரணம் உண்டு. ஒரே வீட்டை அண்ணன் தம்பி பாகம் பிரித்து இரண்டு மீட்டர் வைத்திருப்பார்கள். சுவருக்குள் நியூட்ரல் மட்டும் பாகம் பிரியாமல் ஒன்றாகவே ஓடிக்கொண்டிருக்கும். இருவர் மீட்டரிலும் விளக்கு எரியும், இருவரும் ஒருவரையொருவர் சந்தேகப்படுவார்கள். நியூட்ரலைப் பிரித்துவிட்டால் விளக்கும் அணையும், பேச்சுவார்த்தையும் திரும்பும். மீட்டர் சீலை மட்டும் நீங்கள் தொட வேண்டாம்.

கேள்வி: கேஸ் அடுப்பில் தீ மஞ்சளாக எரிந்து பாத்திரம் கரிப்பிடிக்கிறது. சிலிண்டர் சரியில்லையா?
— ஓர் அம்மா, உசிலம்பட்டி

பெரும்பாலும் பர்னர்தான். பால் பொங்கி வழிந்து துவாரம் அடைத்திருக்கும், காற்று சரியாகக் கலக்காமல் தீ மஞ்சளாகும். ஆறிய பிறகு பர்னரைக் கழற்றிச் சோப்புத் தண்ணீரில் தேய்த்து, ஊசியால் துவாரங்களைக் குத்திவிட்டு, நன்றாகக் காயவைத்து மாட்டுங்கள். அதற்கும் நீலமாகவில்லை என்றால் ஏஜென்சி மெக்கானிக்கைக் கூப்பிடுங்கள். அப்படியே டியூபில் அச்சடித்திருக்கும் தேதியையும் பாருங்கள், ஐந்து வருஷத்துக்கு மேல் வைத்திருக்கக் கூடாது.

கேஸ் வாடை வந்தால் ரெகுலேட்டரை மூடுங்கள், கதவு ஜன்னலைத் திறங்கள். லைட்டைப் போடவும் வேண்டாம், எரிகிற லைட்டை அணைக்கவும் வேண்டாம், இரண்டிலும் பொறி பறக்கும். கேஸ் காற்றைவிடக் கனமானது, தரையோடு தங்கி நிற்கும். தரையில் பாய் போட்டுப் படுத்திருக்கும் குழந்தையை முதலில் வெளியே தூக்குங்கள். வெளியே வந்த பிறகு 1906-க்குப் போன் செய்யுங்கள்.

கேள்வி: எங்கள் வீட்டு ஆர்.சி.டி.யில் 'டி' என்று ஒரு சின்ன பட்டன் இருக்கிறது. அழுத்திப் பார்த்தேன், ஒன்றும் ஆகவில்லை. அது எதற்கு?
— அரூர் வாசகர்

அது சோதனை பட்டன். மாதம் ஒருமுறை அழுத்த வேண்டும். அழுத்தியதும் டப்பென்று விழுந்து வீடு முழுவதும் கரண்டு நிற்க வேண்டும். அழுத்தும்போது வீட்டில் கரண்டு இருந்ததா என்று ஒருமுறை பார்த்துக்கொள்ளுங்கள். இருந்தும் விழவில்லை என்றால் அந்த ஆர்.சி.டி. செத்துவிட்டது, சுவரில் வெறும் பெட்டியாகத் தொங்குகிறது. இந்த வாரமே மாற்றுங்கள். மாற்றும்வரை குளியலறை ஹீட்டரைப் போட வேண்டாம்.